சுவரைப் பற்றி யாரிடம் கேட்பது

நான் கட்டடக் கலைஞர். மெல்பேர்னில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் இதைச் சொன்னால், கராஜை அறையாக மாற்றக் கவுன்சில் விடுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். குறை சொல்லவில்லை. மல்கிரேவில் நான் வேலை செய்யும் சின்னக் கந்தோரும் பெரும்பாலும் அப்படிப்பட்ட வேலைகளில்தான் பிழைக்கிறது. பின்வளவில் ஒரு சிறு வீடு, பல் வைத்தியருக்கு ஒரு வரவேற்பறை, சக்கர நாற்காலி ஏறக்கூடிய வாசல், இப்படி. கந்தோரில் மூன்று பேர். அறுபதைத் தாண்டிய முதலாளி, இங்கேயே பிறந்த வெள்ளைக்காரர். மதுரையிலிருந்து வந்த இளம் பொறியியலாளர், சுவர் விழாமல் கணக்குப் பார்ப்பவர். பிறகு நான்.

கட்டுமான இடங்களுக்கு நானும் பொறியியலாளரும் சேர்ந்து போவோம். படம் கீறியது நான் என்று தெரிந்தாலும் அங்கே நிற்கும் மேசன்மாரும் தச்சர்மாரும் கேள்வியை அவரைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அவர் என்னைப் பார்ப்பார். நான் பதில் சொல்வேன். அடுத்த கேள்வியும் அவரிடமே போகும். இதை வீட்டில் சொல்லிச் சொல்லி என் கணவருக்குக் காது புளித்துவிட்டது.

எங்கள் ஊர்ச்சங்க மண்டபத்தில் புதுக் குசினி கட்டியபோதும் இதே கதைதான். கமிட்டி ஆண்கள் கூடிப் பேசி, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி வைத்தார்கள். பார்க்க வடிவான தொட்டி. விருந்துக்குச் சமைக்கும் பெரிய கிடாரம் உள்ளே போகாது. ஒரு நாளும் கிடாரம் கழுவாதவர்கள் வைத்த தொட்டி இது என்று பொதுக்கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். அன்றிலிருந்து செயலாளர் என்னைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொள்வார். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இவ்வளவும் தெரிந்த ஒருத்திதான் பின்னால் சொல்லப்போகும் பிழையைச் செய்தாள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் அந்தப் பள்ளிக்கூட வேலை எங்களிடம் வந்தது. கென்யாவின் தெற்கே ஒரு மாசாய் கிராமம். மாடு வளர்க்கும் மக்கள். அருகில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் ஆற்றைக் கடந்து இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆறு விடாது. ஒரு தொண்டு நிறுவனம் ஊருக்குள்ளேயே இரண்டு வகுப்பறை கட்டித்தர முன்வந்து, வரைபடத்தை இலவசமாகச் செய்து தருவீர்களா என்று முதலாளியைக் கேட்டிருந்தது. ஊர் மக்களைக் கேட்டுக் கேட்டுத்தான் வடிவமைக்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, இது உன் பொறுப்பு, நான் பின்னுக்கு நிற்கிறேன் என்றார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக வரைபடத்தின் மூலையில் வடிவமைப்பாளர் என்ற பெட்டிக்குள் என் பெயர் வந்தது. எனக்குச் சந்தோஷம். அதை மறைக்க நான் முயலவும் இல்லை.

மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும். தொண்டு நிறுவனம் ஸ்பிரிங்வேலில் இருந்து ஒரு பெண்ணை அனுப்பியது. அந்தக் கிராமத்திலேயே பிறந்தவள். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. என் வயதுதான் இருக்கும். வேலை முடிந்து சீருடையோடு பஸ்ஸில் வருவாள். வந்ததும் சப்பாத்தைக் கழற்றி மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, கால்விரல்களை நீட்டி மடக்குவாள். முதல் நாளே தான் ஏன் வந்தாள் என்று சொல்லிவிட்டாள். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். எனக்கு நினைவில் இருப்பது என் தமிழில்.

"என்ரை தங்கச்சிக்கு ஒரு மகள். ஒன்பது வயசு. பள்ளிக்கூடமே போகேல்லை. இந்தப் பள்ளிக்கூடம் வந்தால் போவாள். அதுக்காகத்தான் நான் வாறன். உங்களுக்காக இல்லை."

எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

குளிர்காலத்தில் எங்களுக்கு மாலை ஐந்து மணி என்றால் அங்கே காலை பத்து மணி. தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர் ஒருவர் ஊரில் நின்று டேப்லெட்டைப் பிடித்துக்கொள்வார். இங்கே முதலாளியும் பொறியியலாளரும் எனக்குப் பக்கத்தில் இருப்பார்கள். பெரிய குடைவேல மரம் ஒன்றின் கீழே ஆண்கள் சிவப்புப் போர்வையோடு அமர்ந்திருப்பார்கள். பேசுகிறவர் எழும்பிக் கையில் ஒரு தடியோடு நிற்பார். அவர் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசுவதில்லை. எங்கள் ஊர்ச்சங்கக் கூட்டங்களை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

முதல் கூட்டத்திலேயே ஒரு தடக்கல். எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று கேட்டேன். மரத்தடி அமைதியாகிவிட்டது. மொழிபெயர்ப்பவள் ஒலியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். அவர்கள் பிள்ளைகளை எண்ணிச் சொல்லமாட்டார்கள், மாடுகளையும் எண்ணமாட்டார்கள், கூடாது என்றாள். எத்தனை வீடு என்று கேட்கச் சொன்னாள். கண்பட்டுவிடும் என்று நாவூறு பார்க்கிற இனத்தில் பிறந்த எனக்கு அது உடனே விளங்கியது. வீட்டைக் கேட்டேன், பதில் வந்தது. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் மாசாய் வழக்கங்களைப் பற்றி என் கணவருக்கு ஒரு விரிவுரையே நடத்தினேன். ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொண்டதும் எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற ஒரு மிதப்பு.

அடுத்து வந்த கூட்டங்கள் வெண்ணெயாக வழுக்கிப் போயின. வகுப்பறைச் சுவர் மண்கல்லில் கட்டி மண் பூசலாமா? நல்லது. கூரை இந்தச் சாய்வில் இருக்கட்டுமா? நல்லது. கதவு கிழக்கே, யன்னல் இவ்வளவு அகலம்? நல்லது, நல்லது. மண் பூசும் வேலைக்கு ஊர் ஆண்கள் கை கொடுப்பார்களா என்று கேட்டபோது ஒரு சிறு சிரிப்பு கேட்டது. பிறகு அதற்கும் நல்லது. ஒரே ஒரு விஷயத்தில்தான் விடாப்பிடியாக நின்றார்கள். நான் குறித்திருந்த இடம் மாடுகள் தண்ணீருக்குப் போகும் பாதையில் மூலை இடித்தது. அதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் ஒவ்வொருவராக எழும்பிப் பேசினார்கள். கட்டடத்தை நாற்பது அடி நகர்த்தினேன்.

"அக்கா, இவ்ளோ ஈஸியான கிளையன்ட்ட நான் பார்த்ததே இல்ல," என்றார் பொறியியலாளர். "பாத்ரூம் டைல்ஸ் கலருக்கே இங்க மூணு மாசம் சண்டை போடுறாங்க."

"மாட்டுப்பாதைக்கு மட்டும் உயிரை விட்டினம் பார்த்தீரோ?"

"அது அவங்க பொழப்புக்கா. சுவர் நம்ம பொழப்பு."

அவர் விளையாட்டாகச் சொன்னார். நானும் சிரித்தேன். மாட்டுப்பாதைக்கு ஒன்றரை மணி நேரம், கதவுக்கு ஒரு சொல். அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கூட்டக் குறிப்பில் 'முழுச் சம்மதம்' என்று எழுதினேன்.

அந்தக் குடைவேல மரம் என்னை மயக்கிவிட்டது. மரத்தைப் பார்த்தபடி முற்றம். முற்றத்தின் இருபுறமும் வகுப்பறைகள். எதிர்க்கோடியில், காற்று வெளியே தள்ளும் திசையில், கழிப்பறைகள். ஊர்ப் பெரியவர்கள் மரத்தடியில் இருந்தபடியே பிள்ளைகள் படிப்பதைப் பார்க்கலாம். நான் கீறியவற்றில் அதுதான் மிக அழகான படம். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் முறை பார்த்தார். மரத்தடியிலும் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். படம் தொண்டு நிறுவனத்துக்குப் போனது. மழை முடிந்ததும் வேலை தொடங்குவதாக ஏற்பாடு.

பெரிதாக அச்சடித்த ஒரு தாளைச் சுருட்டி, மொழிபெயர்த்தவளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன். அவள் அதை ஸ்பிரிங்வேலுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டி, போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறாள். இரண்டு நாள் கழித்துக் கூட்டமில்லாத ஒரு மாலையில் கந்தோருக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை. தாளை மேசையில் விரித்து நான்கு மூலையிலும் கையில் அகப்பட்ட கோப்பைகளை வைத்தாள்.

"தங்கச்சி தன்ரை மகளை இந்தப் பள்ளிக்கூடத்துக்கு விடமாட்டாளாம்."

நான் ஏன் என்று கேட்டேன். அவள் விரலை ஒரு வகுப்பறையில் வைத்து, முற்றத்தின் குறுக்கே மெதுவாக இழுத்துக் கழிப்பறை வரை கொண்டுபோனாள். பிறகு மரத்தைத் தொட்டாள்.

"இங்கை ஆர் இருக்கினம்?"

"பெரிய ஆக்கள்."

"அவையள் எல்லாம் அவளின்ரை தகப்பனோடை ஒரே வயசுக் கூட்டம். எல்லாரும் அவளுக்குத் தகப்பன் முறை. அவையின்ரை கண்ணுக்கு முன்னாலை ஒரு பொம்பிளைப்பிள்ளை இதுக்கெண்டு நடந்து போவாளோ? போகமாட்டாள். காலமையிலிருந்து தண்ணி குடிக்காமல் இருப்பாள். இன்னும் ரெண்டு வருசம் போனால் பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டாள்."

"அவையிட்டைத்தானே படத்தைக் காட்டினனாங்கள். ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"அதை அவையள் வாயாலை சொல்லுவினமோ? மற்றது, சுவரும் கதவும் அவையின்ரை அலுவல் இல்லை." தாளிலிருந்து விரலை எடுத்தாள். "எங்கடை ஊரிலை வீடு கட்டிறது ஆர் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது. நான் கேட்கவே இல்லை. தடி நட்டு, மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி, கூரை போட்டு, மழைக்குப் பிறகு ஒழுக்கைத் தேடி அடைப்பது எல்லாம் அங்கே பெண்கள். வாசலை எங்கே வைப்பது, காற்று எந்தப் பக்கத்தால் நுழையும், வெளியே நிற்பவர் கண்ணுக்கு உள்ளே படாமல் எப்படி வளைப்பது என்பதெல்லாம் அவர்களின் அறிவு. அந்த ஆண்களில் ஒருவர்கூட வாழ்நாளில் ஒரு சுவர் எழுப்பியதில்லை. தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயத்தில், வீடு தேடி வந்தவர்கள் கேட்கிறார்களே என்று மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். மண் பூச ஆண்கள் வருவார்களா என்று கேட்டபோது ஏன் சிரித்தார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் மேசன் ஆண், தச்சர் ஆண், நாள் பார்க்கிறவரும் ஆண். அந்தப் படத்தை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஒரு பிற தேசத்தில் வைத்துவிட்டேன்.

"நீங்கள் எண்டாலும் முதலே சொல்லியிருக்கலாம்," என்றேன். சொல்லும்போதே அது அநியாயம் என்று தெரிந்தது.

"எங்கடை முறை, முதல் மரத்தடிக்குப் போறது. பிறகு வீடுகளுக்குப் போய்ப் பொம்பிளையளைக் கேக்கிறது. நீங்கள் எப்ப அங்கை போவியள் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான்." பிறகு இன்னொன்றும் சொன்னாள். "நீங்கள் வீடு கட்டிற பொம்பிளை. உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சனான்."

அவள் போன பிறகு கோப்பைகளை எடுத்துவிட்டுப் படத்தைச் சுருட்டினேன். எனக்குக் கோபம் வந்தது. அந்த ஆண்கள்மேல் இல்லை. அவள்மேலும் இல்லை.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். அதனாலேயே நடைமுறைக்கு ஒத்த வழி ஒன்றை உடனே கண்டுபிடித்தார். கழிப்பறையைப் பின்பக்கம் திருப்பி ஒரு வேலி அடைத்தால் போதும், ஒரு பின்னேர வேலை, படம் தப்பித்துவிடும், தேதியும் தவறாது. என் முற்றமும் அப்படியே இருக்கும். எனக்கு அந்த வழி பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் பயமாகவும் இருந்தது. திரும்பவும் அந்தப் பெண்களைக் கேட்காமலே அவர்களுக்கு எது நல்லது என்று மல்கிரேவில் இருந்து முடிவு செய்கிறோம்.

திரும்பக் கேட்பதென்றால் படத்தை மீளப் பெற வேண்டும். அந்த வருடத்து வறண்ட காலம் கைவிட்டுப் போகும். பள்ளிக்கூடம் ஒரு வருடம் பிந்தும். அந்த ஒரு வருடம் என்னுடையதல்ல, ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையுடையது. ஆகவே மொழிபெயர்த்தவளையே கேட்க ஸ்பிரிங்வேலுக்கு போன் எடுத்தேன். அவள் வேலை இடைவேளையில் நின்றாள். பின்னால் யாரோ ஒரு முதியவர் தேநீர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு வருசம் பிந்தினதுக்குத் தங்கச்சிக்கு நான் காரணம் சொல்லலாம்," என்றாள். "பிழையாய்க் கட்டின பள்ளிக்கூடத்துக்கு என்ன காரணம் சொல்லுறது?"

வேலி போதாது, திரும்பக் கேட்க வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். சரி, ஆனால் கடிதத்தை நீதான் எழுத வேண்டும் என்றார். எழுதினேன். ஊரில் பாதிப்பேரைத்தான் கேட்டோம், கட்டத் தெரியாத பாதியை, தவறு என்னுடையது என்று எழுதினேன். தொண்டு நிறுவனம் பதினைந்து நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டது. அந்தப் பதினைந்து நாளும் சோறு எனக்கு ருசிக்கவில்லை.

பெண்களோடு நடந்த கூட்டம் மரத்தடியில் நடக்கவில்லை. பாதி பூசிய ஒரு வீட்டின் பக்கத்தில், வேலைக்கு நடுவே நடந்தது. பலரின் கைகளில் மண் காய்ந்திருந்தது. களப்பணியாளர் என் வரைபடத்தை விரித்துப் பிடித்தார். அவர்கள் அதைப் பார்த்துவிட்டு, மடித்து வைக்கச் சொன்னார்கள். தாளில் கட்டடம் விளங்காது என்பதல்ல. நடந்து பார்க்க முடியாதாம். தடிகளைக் கொண்டுவந்து நிலத்தில் படுக்க வைத்தார்கள். இது சுவர், இது வாசல், இது கரும்பலகை. பிறகு வகுப்பறைக்குள் 'நுழைந்து' இருந்தார்கள், எழும்பினார்கள், வெளியே போனார்கள். ஒருத்தி தடியைக் காலால் தள்ளி வாசலை நகர்த்தினாள். இன்னொருத்தி அதைத் திரும்ப நகர்த்தினாள். வாக்குவாதம் நடந்தது. ஆறு கூட்டங்களில் நான் கேட்காத சத்தம் அது. மொழிபெயர்ப்பவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. பாதியில் விட்டுவிட்டுத் தானும் சண்டையில் சேர்ந்துகொண்டாள்.

முடிகிற நேரத்தில் ஒரு முதிய பெண் டேப்லெட்டுக்குக் கிட்ட வந்தாள். முகம் திரையை நிறைத்தது. அவள் கேட்டதை மொழிபெயர்ப்பவள் தணிந்த குரலில் சொன்னாள்.

"அந்தப் படம் கீறினது நீதானோ?"

ஓம் என்றேன்.

"ஒவ்வொரு தரமும் மரத்துக்குப் பின்னாலை நாங்களும் இருந்தனாங்கள். நீ எங்களைப் பார்க்கேல்லை. ஆம்பிளையளைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தனீ. முதல் நாங்கள் நினைச்சம், நீ அந்த வெள்ளைக்காரருக்கு எழுதிக் குடுக்கிற பிள்ளையெண்டு. கட்டிறவள் நீதான் எண்டால், ஏன் எங்களைக் கேக்கேல்லை?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அறிய விரும்பித்தான் கேட்டாள். பக்கத்தில் இருந்த பொறியியலாளர் தன் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லக்கூடிய காரணங்கள் எல்லாம் எங்கள் சங்கச் செயலாளர் சொல்லக்கூடிய காரணங்களாகவே இருந்தன. பிழை விட்டுட்டன் என்று மட்டும் சொன்னேன். அதை மொழிபெயர்க்க அவளுக்கு ஒரு சொல்தான் தேவைப்பட்டது.

பிறகு கீறிய படத்தில் என் முற்றம் இல்லை. பள்ளிக்கூடம் மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றது. கழிப்பறை வீடுகள் இருக்கும் பக்கத்துக்கு வந்தது. தண்ணீருக்குப் போய்வரும் தாய்மாரின் வழியில். அதற்கு முன்னால் அவர்களின் வீட்டு வாசல்போலவே வளைந்த ஒரு சுவர். யன்னல்கள் பாதியாகச் சுருங்கின. நான் வைத்த அளவுக்குத் தூசிதான் படிக்க வருமாம். மண்வேலைக்குப் பொறுப்பு என்ற இடத்தில் பெண்களின் பெயர்கள் ஏறின. பார்க்க அவ்வளவு அழகான படம் என்று சொல்ல முடியாது.

மரத்தடியில் இதை எப்படிச் சொல்வது என்று களப்பணியாளர் பயந்துகொண்டே போனார். பெரியவர்கள் அமைதியாகக் கேட்டார்கள். ஒருவர் தடியோடு எழும்பி, மாட்டுப்பாதையில் ஏதும் மாற்றம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியென்றால் இதில் தாங்கள் பேச என்ன இருக்கிறது என்றார். கூட்டம் கலைந்துவிட்டது. ஒரு வருடமும் ஒரு அழகான படமும் போய், கடைசியில் அதற்கு எடுத்தது பத்து நிமிடம்.

பள்ளிக்கூடம் கட்டி முடிந்தது. தங்கச்சியின் மகள் பதினொரு வயதில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு முதலாம் வகுப்பில் இருந்தாள். பெரியம்மாவுக்கு அது மனவருத்தம். எனக்கும்தான்.

பாடங்கள் தொடங்கிச் சில மாதம் கழிந்த ஒரு சனிக்கிழமை மாலை. ஸ்பிரிங்வேலில் ஒரு வியட்நாமியக் கடையில் நூடில்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தோம். அவள் தங்கச்சிக்கு வீடியோ அழைப்பு எடுத்து, மகளைக் கூப்பிடச் சொன்னாள். மொட்டைத் தலையும் பெரிய கண்ணும் திரையில் வந்தன. பிள்ளை ஆசிரியையைப் பற்றிச் சொன்னாள், பக்கத்தில் இருப்பவள் பென்சிலைக் கடிப்பதைச் சொன்னாள். என்னால் பொறுக்க முடியவில்லை. கழிப்பறைக்குப் போகும் பாதை எப்படி, அந்த வளைந்த சுவர் சரியாக இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன்.

கேள்வி போனது. பிள்ளை பெரியம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். இரண்டாம் தரமும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போதும் அவளுக்குப் பிடிபடவில்லை. பதிலை மொழிபெயர்த்தபோது பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்தப் பாதை எண்டு கேக்கிறாள். போறாளாம், வாறாளாம். இதிலை கேக்கிறதுக்கு என்ன இருக்கு எண்டு கேக்கிறாள்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். பென்சில் கடிக்கிறவளைப் பற்றி இன்னும் கேட்கச் சொன்னேன்.